வலது பக்கம் போகாத பந்து

பந்தை நம்மிடமே வைத்துக்கொண்டு ஆடியதால்தான் நம் நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி ஏழெட்டு வருஷத்துக்கு முன் அந்தக் கோப்பையை வென்றதா என்று போன மாதம் சேலத்தில் நடந்த பயிற்சியாளர் வகுப்பில் என்னைக் கேட்டார்கள். "ஆமாம், சந்தேகமே வேண்டாம்" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கை தட்டினார்கள். டீ குடிக்கும்போது, "அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். சூரமங்கலம் டவுன் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தபோது, அதனால் இல்லவே இல்லை என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அந்த அணியின் கோல்கீப்பர்களுக்கு நான்தான் பயிற்சியாளர். இவ்வளவு குழம்புகிறவளையா அங்கே வைத்திருந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள்.

குழப்பத்தோடு நின்றிருந்தால் எழுத வந்திருக்க மாட்டேன். அந்த டீ நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. இப்போதைய தேர்வுக் குழுவில் இருக்கும் ஒரு பெண் வகுப்புக்கு வந்திருந்தார். நாமக்கல் தாரணியை இந்தத் தடவை கேம்புக்கு அழைக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் ஆடறாங்க மேடம். ஆனா பெரிய மேட்ச்ல பதறுவாங்கன்னு பழைய ரிப்போர்ட்ல இருக்கே. நீங்க எழுதினதுதானே அது?"

கையில் இருந்த வடையை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். நான் எழுதியதுதான். என் கையெழுத்துதான். அது பொய்.

தாரணிக்கு இப்போது இருபத்தெட்டு வயது. கோல்கீப்பருக்கு அது ஒரு வயதே இல்லை, இனிமேல்தான் நல்ல ஆட்டம் வரும். கேம்ப் தொடங்குவதற்குள் அந்த ரிப்போர்ட்டில் இருப்பது பொய் என்று யாராவது சொன்னால்தான் அவளுக்கு வழி திறக்கும். அந்த யாராவது என்னைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

என் சுயபுராணத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சேலம் டவுன் மாதா கோயில் பங்கில் பிறந்தேன். உயரம் இருந்தது, கை நீளமாக இருந்தது, அதனால் கோல் போஸ்ட்டில் நிறுத்தினார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை கிடைத்தது. முட்டி போனது. பயிற்சியாளர் படிப்புப் படித்தேன். வாரம் முழுக்க ஆபீஸ் ஃபைல், ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு நாமக்கல் பஸ். அங்கே ஒரு மைதானத்தில் பத்துப் பதினைந்து பெண்களுக்குப் பல வருஷம் சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவுதான்.

மைதானம் என்று சொல்லிவிட்டேனே தவிர, அது லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த வெறும் பொட்டல். ஒரே ஒரு கோல் போஸ்ட். அதில் நிற்கும் கீப்பருக்கு வலது பக்கம் முழுக்க லாரிகள் வரிசையாக நிற்கும். பந்து அந்தப் பக்கம் போனால் லாரிக்கு அடியில் புகுந்துவிடும். அங்கே டிரைவர்கள் தூளி கட்டித் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பந்து பட்டு எழுந்தால் அவர்கள் பேசும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். லாரிப் பக்கம் யார் பந்தை விட்டாலும் அவளே தவழ்ந்து போய் எடுத்து வரவேண்டும், பிறகு மைதானத்தை இரண்டு சுற்று ஓடவேண்டும். கிரீஸும் மண்ணும் அப்பிக்கொண்டு வெளியே வரும் பிள்ளைகளைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன்.

அந்தக் கும்பலில் ஒருத்திதான் தாரணி. அப்பா செல்லமுத்துவுக்குத் தோட்டம், கிணறு, மாடு எல்லாம் உண்டு. "புள்ள காலுல உதைக்கறதுக்கு ஒரு சாமானக் குடுத்து உட்டா அது பாட்டுக்குக் கெடக்குமுங்க" என்று சொல்லிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். ஆள் போதாத குறையில் எங்கள் கீப்பர்கள் டிஃபெண்டராகவும் ஆட வேண்டியிருந்தது. அதனால் தாரணிக்குக் கையைவிடக் கால் நன்றாக வந்தது. பெரிய போட்டிகளில் அவளைப் பார்த்து நாட்டு அணிக்குக் கூப்பிட்டார்கள். அவளைப் பழக்கியவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அந்த வாரம் எனக்குத் தலைக்கனம் பிடித்தது உண்மை. பங்குக் கோயிலில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

தலைமைப் பயிற்சியாளர் மேத்யூ சார். பாலக்காட்டுக்காரர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் நின்ற இடத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் உட்கார்ந்தால் இருபத்து மூன்று பெண்களும் கப்சிப்.

முதல் நாளே அவர் சொன்னார். "நம்ம பொண்ணுங்க குள்ளம். எதிராளிங்க உயரம். தூக்கி அடிச்சா தலையில முட்டி அவங்கதான் எடுப்பாங்க. இத்தனை வருஷம் தூக்கி அடிச்சு, பின்னாடியே ஓடி, கடைசிக் கால் மணி நேரத்துல மூச்சு வாங்கித் தோத்தோம். இனிமே பந்து ஓடட்டும். நாம நடப்போம்."

அவர் வகுத்த முறையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் முதல் வேலை, எதிரில் யாருமே இல்லாமல் பதினொரு பேர் நிற்பார்கள். பந்து கீப்பர் காலில் தொடங்கும். பதினொரு பேர் காலையும் தொட்ட பிறகுதான் எதிர்ப்பக்கக் கோலுக்குப் போகவேண்டும். முட்டிக்கு மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் எல்லாரும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஓடித் திரும்பக் கூடாது, நடந்துதான் திரும்ப வேண்டும். "ஓடினா தப்பு மறந்துபோகும்" என்பார். முதல் வாரம் பந்து ஆறாவது காலைத் தாண்டவில்லை. பெண்கள் நடந்தே களைத்தார்கள். இது கால்பந்தா, வேளாங்கண்ணிப் பாதயாத்திரையா என்று நான் என் மனத்துக்குள் பொருமினேன்.

கீப்பருக்குத் தனிப் பாடம். பந்து தன்னிடம் வருவதற்குள் தலை இரண்டு தடவை திரும்ப வேண்டும், இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. யார் காலியாக நிற்கிறார்கள் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தப்பாகக் கொடுத்தால் மேத்யூ சார் திட்ட மாட்டார். பக்கத்தில் வந்து "பார்த்தியா?" என்று மட்டும் கேட்பார். பார்த்தேன் என்றால் மற்ற பத்துப் பேரும் எங்கெங்கே நின்றார்கள் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். தாரணி ஒருத்திதான் ஒருவரையும் விடாமல் சொல்லுவாள். இந்த ஆட்டம் அவளுக்காகவே செய்த மாதிரி இருந்தது. மற்றொரு கீப்பர் லிண்டா, வடகிழக்குப் பெண். கையில் பந்து வந்தால் பசை போட்ட மாதிரி ஒட்டும், காலில் வந்தால் கல் தடுக்கிய மாதிரி தடுமாறுவாள்.

சாரின் இன்னொரு வழக்கம் ஒரு தாள். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு உதவிப் பயிற்சியாளரும் நிரப்ப வேண்டும். என்ன நடந்தது, யார் செய்தது, ஏன் நடந்தது என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தைப் பற்றி அவர் கண்டிப்பாக இருந்தார். "தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. நமக்கு வசதியா ஒரு காரணத்தை எழுதி வச்சா, அதை நம்பிக்கிட்டே பல வருஷம் போயிரும்."

போட்டி அண்டை நாடு ஒன்றில். முதல் ஆட்டம் ஜெயித்தோம். எதிரணி பந்துக்குப் பின்னால் ஓடி ஓடிக் களைத்து, கடைசியில் நின்றுவிட்டது. எனக்கே சிலிர்த்தது. இரண்டாவது ஆட்டத்தில்தான் வந்தது வினை. நம் டிஃபெண்டர் ஒருத்தி தாரணிக்குப் பந்தைத் திருப்பிக் கொடுத்தாள். தாரணி தலையை இரண்டு தடவை திருப்பினாள், சரியாகத்தான் செய்தாள். வலது பக்கம் ஒருத்தி ஆள் இல்லாத இடத்தில் கை தூக்கிக்கொண்டு நின்றாள். தாரணி இடது பக்கம் கொடுத்தாள். அங்கே எதிரணிக்காரி ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள், எடுத்துப் போட்டாள், கோல். இடைவேளைக்குப் பிறகு அச்சாக அதேமாதிரி இன்னொன்று. தோற்றுவிட்டோம். இன்னும் ஒன்று தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேத்யூ சார் அவளிடம் வந்தார். "பார்த்தியா?"

"பார்த்தனுங்க சார். சோத்தாங்கைப் பக்கம் ஆளு காலியாத்தான் நின்னாங்க."

"அப்புறம் ஏன் கொடுக்கல?"

"தெரியலீங்க சார். காலு போவுலீங்க" என்றாள். பெண்ணின் முகத்தில் அழுகை இல்லை. எனக்கு இருந்த அதே குழப்பம்தான் அவளுக்கும்.

மறுநாள் மதியம் செல்லமுத்து எனக்கு போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், சவுரியமா? புள்ள போனை எடுக்க மாட்டீங்குது, அதானுங்க உங்களக் கூப்பிட்டேன். ஆட்டத்தப் பாத்தனுங்க. ஒருக்காக்கூட பந்த சோத்தாங்கைப் பக்கம் உடுலீங்களே இவ! அங்கயும் என்ன, நம்மூராட்ட லாரியா நிக்குது?"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சிரித்தார். நான் எப்படி போனை வைத்தேன் என்று நினைவில்லை. ஓடிப்போய் வீடியோ போட்டுப் பார்த்தேன். முதல் ஆட்டம், இரண்டாவது ஆட்டம், கேம்பில் எடுத்தது எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் காலில் இருந்து போன பந்துகள் எல்லாம் இடது பக்கம். யாரும் விரட்டாமல் நிதானமாக நின்ற நேரத்திலும் இடது பக்கம்தான். கண் வலது பக்கம் பார்க்கிறது, கால் மறுக்கிறது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை "லாரிப் பக்கம் விடாதடி" என்று தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! பிள்ளையை லாரிக்கடியில் தவழவிட்டு நான்தான் அந்தக் காலைப் பூட்டி வைத்திருக்கிறேன். கூடவே இருந்த நான் கவனிக்கவில்லை, முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்த எதிரணிக்காரி கண்டுபிடித்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் தாளைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளதை எழுதினால், இத்தனை வருஷமாக உன் கண் என்ன செய்தது என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்த முதல் பொம்பளை நான். பழகிய காலை மூன்று நாளில் மாற்றவும் முடியாது, எப்படி எழுதினாலும் அடுத்த ஆட்டத்தில் லிண்டாதான் நிற்பாள், பிறகு எதை எழுதினால் என்ன என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். கடைசியில் எழுதினேன்: பதற்றம். பெரிய ஆட்டங்களைத் தாங்கும் மனம் இன்னும் வரவில்லை.

மேத்யூ சார் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பதற்றமா? அவ முகத்துல ஒண்ணும் தெரியலையே ஜெசிந்தா."

"உள்ளுக்குள்ள இருக்கு சார். சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன் இல்லையா?"

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவளைப் பழக்கியவள் சொல்கிறாள், நம்பிவிட்டார். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

சார் அவளிடம் காரணத்தைச் சொல்லியிருக்கிறார், அறை வாசலில் தாரணி வழி மறித்தாள். "மேடம், நான் பதறுலீங்க" என்றாள். "ரெஸ்ட் எடு சாமி, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போனேன். அப்புறம் என்பது வரவே இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கிறது. லிண்டா போஸ்ட்டில் நின்றாள். அவள் காலை நம்பிப் பந்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் மேத்யூ சார் டிஃபெண்டர்களிடம், "இனிமே பின்னாடி கொடுக்காதீங்க, முன்னாடி போய் நின்னு உங்களுக்குள்ளயே வச்சுக்கோங்க" என்றார். அதுவரை நம் கோலுக்குப் பக்கத்தில் பந்தை உருட்டிக்கொண்டிருந்த பெண்கள், மொத்தமாக எதிராளியின் பாதிக்குள் போய் உருட்ட ஆரம்பித்தார்கள். எதிரணி வெளியே வரவே முடியவில்லை. அரையிறுதி ஜெயித்தோம். இறுதி ஆட்டத்திலும் அப்படியே. கடைசிக் கால் மணி நேரம், நாங்கள் எப்போதும் தோற்கும் அந்த நேரம், எதிரணிப் பெண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நம் பெண்கள் அவசரமே படாமல் இங்கே கொடு அங்கே கொடு என்று கொடுத்து, நடுவில் ஒரு சந்து திறந்ததும் உள்ளே தள்ளினார்கள். எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். நானும் அழுதேன். லிண்டாவைத் தூக்கிச் சுற்றினேன், முட்டி வலி கூடத் தெரியவில்லை.

எதிராளியின் பாதியில் பந்தை வைத்துக்கொண்டு ஆடும் அந்தத் துணிச்சலான திட்டம்தான் கோப்பையைத் தந்தது என்று பிறகு பேப்பரில் எழுதினார்கள். திட்டமாவது ஒன்றாவது! தாரணி இல்லாததால் வேறு வழியில்லாமல் செய்தது அது. தாரணி இல்லாமல் போனதற்குக் காரணம் என் தாள். அப்படியானால் என் பொய்தான் கோப்பையை வாங்கிக் கொடுத்ததா? இல்லை, உண்மையை எழுதியிருந்தாலும் லிண்டாதான் ஆடியிருப்பாள், ஆகவே பொய்க்கும் கோப்பைக்கும் சம்பந்தமில்லை. இல்லை இல்லை, உண்மையை எழுதியிருந்தால் மேத்யூ சார் ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பார், எதிரணி இடது பக்கம் குவியும் என்று தெரிந்து அதையே பொறியாக வைத்திருப்பார், தாரணியை வைத்தே இன்னும் சுலபமாக ஜெயித்திருப்போம். அல்லது தோற்றிருப்போம். ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை. பந்தை விடாமல் வைத்திருந்தால் களைப்பது எதிராளி, அது மட்டும் நான் கண்ணால் பார்த்தது. மற்றதைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நானே ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மேத்யூ சார் ஓய்வு பெற்றார், நானும் ஓய்வு பெற்றேன். தாள்கள் மட்டும் ஓய்வு பெறாமல் ஃபைலில் இருந்திருக்கின்றன. தாரணியை மறுபடி அழைக்கவே இல்லை. பொய் சொன்னேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் ஒவ்வொரு தவக்காலத்திலும் சொல்லியிருக்கிறேன். சாமியார் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லுவார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைப்பேன். யாரைப் பற்றிப் பொய் சொன்னேனோ அவளிடம் போகவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தோன்றாத மாதிரி இருந்துகொண்டேன் என்பதுதான் சரி.

வகுப்பு முடிந்த மறு ஞாயிறு, பூசை முடிந்து நாமக்கல் பஸ் ஏறினேன். தாரணி இப்போது ஒரு கிளப்பில் ஆடுகிறாள், ஓய்வு நாளில் வீட்டுக்கு வருவாள். தோட்டத்தில் கிணற்று மேட்டுச் சுவரைப் பார்த்து வலது காலால் பந்தை உதைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் வலது பக்கம் போடுகிறாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"வாங்க மேடம். சொல்லியிருந்தா வண்டி எடுத்துட்டு வந்திருப்பனுங்களே. தண்ணி குடிங்க."

தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே சொன்னேன். "தாரணி, அன்னிக்கு நீ பதறலை. நான் பழக்கின பழக்கம் அது. லாரிக்குப் பயந்து உன் கால் போகலை. தாள் எழுதறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாத்தி எழுதினேன்."

அவள் பந்தைக் காலுக்கடியில் நிறுத்தினாள்.

"தெரியுமுங்க" என்றாள். "உங்ககிட்டப் பேசிட்டு அப்பா மறுக்கா எனக்குப் போட்டாருங்க. அப்பத்தான் எனக்கும் வெளங்குச்சு. மேடம்கிட்டயும் சொல்லிட்டேன் சாமின்னு சொன்னாரு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். "அப்புறம் ஏன்டி வாயை மூடிட்டு இருந்த? மேத்யூ சார்கிட்டப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"நாஞ் சொன்னா அது சாக்குங்க மேடம். நீங்க சொன்னாத்தான் அது காரணம்." பந்தைக் குனிந்து கையில் எடுத்துக்கொண்டாள். "சொல்லுவீங்கன்னு ஃபைனல் முடியற மட்டும் உங்க மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தனுங்க. எப்படி கோல் போட்டாங்கன்னே எனக்குத் தெரியாதுங்க."

இந்தக் கட்டுரையின் பிரதி ஒன்றைக் கையெழுத்துப் போட்டுத் தேர்வுக் குழுவுக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. அந்த கோலை நான் எத்தனையோ வகுப்பில் வரைந்து காட்டியிருக்கிறேன், யார் காலிலிருந்து யார் காலுக்குப் போனது என்று ஒரு கோடு விடாமல். எனக்கு ஐந்தடி தள்ளி, அதே பெஞ்சில், அதைப் பார்க்காமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.